வீட்டு ரவுட்டரின் நிலைபொருள்: யார் கவனிப்பது?

(பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)

 

புலம்பெயர்ந்த தமிழர் வீடொன்றில் வாசற்கதவின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று கேட்டால் தாயும் தந்தையும் உடனே விடை சொல்வார்கள். அதே வீட்டிற்குள் இணையம் நுழையும் பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கின்றது என்று கேட்டால், "மகனுக்குத்தான் தெரியும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். மகனோ பல்கலைக்கழகப் படிப்பிற்காக வேறு நகரம் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் தூசி படிந்து, பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டு, அவன் விட்டுச் சென்ற நாளில் இருந்த அதே நிலையில் அந்தப் பெட்டி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும்.

தமிழில் அதற்குத் திசைவி என்று பொருத்தமான பெயர் உண்டு. ஆயினும் வீடுகளில் ரவுட்டர் என்றே வழங்குவதால் இங்கும் அப்பெயரே கையாளப்படுகின்றது. பார்வைக்கு அது மின்சுவரில் செருகிவிட்டு மறந்துபோகக்கூடிய ஒரு சாதனம். உண்மையில் அது செயலியும் நினைவகமும் இயங்குதளமும் கொண்ட ஒரு முழுக் கணினி. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் பதித்து வைக்கப்பட்டுள்ள மென்பொருளையே ஆங்கிலத்தில் ஃபேர்ம்வெயார் என்றும் தமிழில் நிலைபொருள் என்றும் அழைக்கின்றனர். நிலைபொருள் என்ற சொல்லைக் கேட்டு, அது என்றும் மாறாமல் நிலைத்திருக்க வேண்டிய பொருள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மேசைக் கணினியின் மென்பொருளில் எத்தனை ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றனவோ அவ்வாறே இதிலும் கண்டுபிடிக்கப்படுகின்றன. வேறுபாடு என்னவென்றால், மேசைக் கணினி திரையில் எச்சரிக்கை காட்டி நச்சரிக்கும். ரவுட்டருக்குத் திரை இல்லை. அது வாய் திறவாமல் முதுமை அடைகின்றது.

ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்தப் பெட்டியின் வழியாக என்னவெல்லாம் செல்கின்றன? தாயகத்தில் உள்ள உறவுகளுக்கு அனுப்பும் பணம், அம்மம்மாவுடனான காணொளி அழைப்பு, பிள்ளைகளின் பாடங்கள், வரி அலுவலகத்திற்கும் குடிவரவு அலுவலகத்திற்கும் அனுப்பும் ஆவணங்கள், ஊர்ச் சங்கத்தின் கணக்கு வழக்குகள், தமிழ்ப் பாடசாலையின் மாணவர் பட்டியல். மகளின் மடிக்கணினி வேறு, தந்தையின் கைத்தொலைபேசி வேறு. ஆனால் வீட்டில் இருக்கும்போது இரண்டும் கடக்கும் வாசல் ஒன்றுதான்.

இந்த வாசல் கெட்டுப்போனால் என்ன நிகழும் என்பதற்குப் பிரேசில் நாட்டில் 2011 ஆம் ஆண்டில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஒருவர் தம் வங்கியின் பெயரைத் தட்டச்சிட்டதும் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் பெயரேடு. எந்தப் பெயரேட்டைக் கேட்பது என்பதை வீட்டுக் கருவிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் ரவுட்டரே. பிரேசிலில் ஏறத்தாழ 45 இலட்சம் மோடம்களின் நிலைபொருளில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாகக் குற்றவாளிகள் நுழைந்து, பெயரேட்டின் முகவரியை மட்டும் மாற்றிவிட்டனர். மேசைமேல் இருந்த கணினியை அவர்கள் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சரியான வங்கிப் பெயரைச் சரியான எழுத்துகளில் தட்டச்சிட்டவர் போலித் தளத்தின் வாசலில் போய் நின்றார். இன்று வங்கித் தளங்கள் குறியாக்கத்துடன் இயங்குவதால் இத்தகைய மோசடியின்போது உலாவி சான்றிதழ் எச்சரிக்கை ஒன்றைக் காட்டும். அந்த எச்சரிக்கையை வாசிக்க மொழி போதாமலோ, பொறுமை போதாமலோ "தொடர்க" என்று அழுத்திச் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

பணம் களவு போவது ஒரு வகை இழப்பு. மற்றொன்று வீட்டின் பெயரே களவு போவது. கைப்பற்றப்பட்ட பழைய ரவுட்டர்களை இடைவழியாக மாற்றி, அவற்றினூடாக இணையத்தில் உலாவும் வசதியைக் குற்றவாளிகள் பிறருக்கு விலைக்கு விற்கின்றனர். 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதுபற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. யாரோ ஒருவன் எங்கிருந்தோ செய்யும் மோசடியின் தடயம், ஒன்றும் அறியாத ஒரு குடும்பத்தின் இணைய முகவரியில் வந்து முடியும். பின்னர் உண்மை தெளியலாம். ஆனால் குடியுரிமை விண்ணப்பமோ அகதித் தஞ்ச வழக்கோ நிலுவையில் இருக்கும் வீட்டிற்குக் காவல்துறையின் விசாரணைக் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தால், அது தெளியும் வரை அந்த வீட்டில் உறக்கம் இராது.

பெரியோர் சிலர், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையை நினைவூட்டுவர். வேலை செய்துகொண்டிருக்கும் பொருளில் ஏன் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலைபொருள் மாற்றம் இடையில் குலைந்து, நல்ல பெட்டி செங்கல்லாகிப் போன வீடுகள் உண்டு. ஆனால் அந்தச் சங்கு சும்மா கிடக்கவில்லை என்பதுதான் இங்கே சிக்கல். உலகின் எந்த மூலையில் இருந்தும் எவரோ ஒருவர் அதை ஊதிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றார்.

யேர்மனியில் வாழும் தமிழர்கள் பலருக்கு 2016 நவம்பர் 27, 28 ஆம் நாட்கள் நினைவிருக்கலாம். டொய்ச்ச ரெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. இணையத்தோடு தொலைபேசியும், பலருக்குத் தொலைக்காட்சியும் நின்றுபோயின. மிராய் என்னும் நச்சுநிரலின் ஒரு வகை, ரவுட்டர்களைத் தொலைவில் இருந்து பராமரிப்பதற்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்த 7547 ஆம் இலக்க வாயிலைத் தட்டித் திரிந்தது. அது அந்த ரவுட்டர்களைக் கைப்பற்றுவதில் வெற்றி பெறவில்லை; தட்டிய தட்டலிலேயே அவை நிலைகுலைந்து போயின. நிறுவனம் விரைந்து புதிய நிலைபொருளை ஆயத்தம் செய்து, மின்தொடர்பைத் துண்டித்து மீண்டும் இணைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அவ்வாறு மீள இயங்கியபோது பெட்டிகள் திருத்தப்பட்ட நிலைபொருளைத் தாமே பெற்றுக்கொண்டன. இத்தாக்குதலுக்காகப் பிரித்தானியர் ஒருவருக்கு 2017 இல் கேள்ன் நகர நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

சேவை நிறுவனமே வழங்கிய பெட்டியாக இருந்தால் அதன் நிலைபொருளை நிறுவனமே தொலைவில் இருந்து மாற்றிவிடும் என்பது இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது. அதே யேர்மனியில் 2016 ஆகத்து 1 முதல், தமக்கு விருப்பமான ரவுட்டரைத் தாமே வாங்கிப் பொருத்தும் உரிமை வாடிக்கையாளருக்குச் சட்டப்படி கிடைத்தது. நல்ல உரிமை. ஆனால் கடையில் வாங்கிய பெட்டியை நிறுவனம் பராமரிக்காது; வாங்கியவரே பராமரிக்க வேண்டும். மேல்மாடிக்கு அலை எட்டவில்லை என்று வாங்கிப் பொருத்திய அலைநீட்டிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கும் தனித்தனி நிலைபொருள் உண்டு என்பதை அறிந்த வீடுகள் குறைவு.

நிலைபொருள் மேம்படுத்தலைப் பற்றி அச்சத்தை மட்டும் சொல்வது முறையன்று. கம்பியில்லா வலையமைப்பின் வரலாற்றில் அது செய்த பெரிய நன்மை ஒன்றும் உண்டு. வைஃபையின் முதல் குறியாக்க முறையான டபிள்யூ.இ.பி. அடிப்படையிலேயே பழுதுடையது என்பதை 2001 இல் ஃப்ளூரர், மன்டின், ஷமிர் ஆகிய மூவரின் ஆய்வு காட்டியது. அதற்குள் அந்த முறையை நம்பிய கருவிகள் பெருந்தொகையாக விற்பனையாகிவிட்டன. அவற்றை எல்லாம் குப்பையில் போடச் சொல்ல முடியாது என்பதால், பழைய வன்பொருளிலேயே நிலைபொருள் மாற்றத்தின் மூலம் இயங்கத்தக்கதாக டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்கால முறை வகுக்கப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. புதுப் பெட்டி வாங்காமலேயே வீட்டுக்குப் புதுப் பூட்டு கிடைத்தது. மேம்படுத்தலைச் செய்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2017 அக்டோபரில் பெல்சியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2 முறையிலும் ஒரு பழுதை வெளியிட்டார். கிராக் என்று பெயர் பெற்ற அது, கருவியும் ரவுட்டரும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் தொடக்கப் பரிமாற்றத்தைக் குழப்பி, பயன்படுத்திய குறியாக்கத் திறவியையே மீண்டும் பொருத்தச் செய்தது. பழுது பெரிதும் கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்ற கருவிகளின் பக்கத்திலேயே இருந்தது. ரவுட்டரை மட்டும் புதுப்பித்துவிட்டு அமைதியடைந்தவர்கள் பாதி வேலையையே செய்தார்கள். அலைநீட்டிகள் தலைமை ரவுட்டரிடம் ஒரு கைத்தொலைபேசியைப் போலவே நடந்துகொள்வதால் அவையும் இப்பழுதுக்கு உட்பட்டன.

இனி, மேம்படுத்தும் முறை. பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினால் அடியில் ஒரு சிட்டை ஒட்டப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயர், மாதிரி இலக்கம், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் வன்பொருள் பதிப்பு எண் ஆகியவை அதில் இருக்கும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற பெயர்பெற்ற ரவுட்டர் இதற்கு நல்ல சான்று. நீல நிறமும் கறுப்பு நிறமும் கொண்ட அந்தப் பெட்டி ஆண்டுக்கணக்காக ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் விற்கப்பட்டது. ஆனால் 2005 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷ் நினைவகம் 4 மெகாபைட்டில் இருந்து 2 ஆகவும், இயங்கு நினைவகம் 16 இல் இருந்து 8 ஆகவும் குறைக்கப்பட்டன. லினக்ஸ் இயங்குதளத்திற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டது. நான்காம் பதிப்பின் நிலைபொருள் ஐந்தாம் பதிப்பிற்கு ஆகாது. பெயரும் முகமும் ஒன்றாக இருப்பதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

சிட்டையிலேயே ரவுட்டரின் உள்முகவரியும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும், 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருப்பது வழக்கம். அதை உலாவியில் தட்டச்சிட்டால் மேலாண்மைப் பக்கம் திறக்கும். இப்போது இயங்கும் நிலைபொருளின் எண் அங்கே காணப்படும். புதிய பல ரவுட்டர்களில் தானியங்கி மேம்படுத்தல் என்ற தெரிவு உண்டு. அது இருந்தால் இயக்கி வைப்பதே சிறந்தது, பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறை எண் மாறியிருக்கின்றதா என்று எட்டிப் பார்த்தால் போதும். அத்தெரிவு இல்லாத பெட்டிக்கு, உற்பத்தி நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே கோப்பைத் தரவிறக்கம் செய்தல் வேண்டும். தேடுபொறி முதலில் காட்டும் ஏதோ ஒரு தரவிறக்கத் தளத்தில் இருந்து எடுக்கவே கூடாது. கோப்பின் அருகே நீண்ட எண்ணெழுத்துக் கோவை ஒன்று தரப்பட்டிருந்தால், இறங்கிய கோப்பின் கோவையும் அதுவேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இளையோருக்குத் தெரியும்.

தொடங்குமுன் இருக்கும் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமிப்பதோடு, இணையச் சேவை நிறுவனம் வழங்கிய பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றத்திற்குப் பின் அமைப்புகள் அழிந்துபோனால், அவற்றை மீளப்பெற இணையம் வேண்டும். இணையமோ அந்தக் கடவுச்சொல் இன்றி வராது. கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்தே கோப்பை ஏற்ற வேண்டும். கம்பியில்லா இணைப்பு இடையில் அறுந்தால் கோப்பு அரைகுறையாகப் போய்ச் சேரும். எழுதும் வேலை சில நிமிடங்கள் நீடிக்கும். விளக்குகள் அணைந்து அணைந்து எரியும், திரை அசையாமல் நிற்கும். அந்த வேளையில் பொறுமையிழந்து மின்செருகியைப் பிடுங்குவதே பெட்டிகள் செங்கல்லாவதற்கு முதன்மைக் காரணம். இப்போது பல நாடுகளில் வீட்டுத் தொலைபேசியும் ரவுட்டரின் வழியாகவே இயங்குவதால், அந்தச் சில நிமிடங்கள் அவசர அழைப்பும் அதில் எடுக்க முடியாது. முதியவர் இருக்கும் வீட்டில் கைத்தொலைபேசி ஒன்று மின்னேற்றத்தோடு பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைக்குப் பரீட்சை நடக்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதும் நன்று.

வேலை முடிந்தபின் மேலாண்மைக் கடவுச்சொல் பழைய பொதுச் சொல்லுக்குத் திரும்பிவிட்டதா, வெளியில் இருந்து மேலாண்மை செய்யும் தெரிவு திறந்துவிட்டதா, பெயரேட்டின் முகவரி மாறியிருக்கின்றதா என்பவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேம்படுத்தல் என்ற சொல்லையே தூண்டிலாக்குவோரும் உண்டு. உண்மையான வலையமைப்பின் பெயரிலேயே அருகில் போலி வலையமைப்பு ஒன்றை எழுப்பி, "ரவுட்டரின் நிலைபொருள் புதுப்பிக்கப்படுகின்றது, வைஃபை கடவுச்சொல்லை உள்ளிடுக" என்று ஒரு பக்கத்தைக் காட்டும் கருவிகள் பல ஆண்டுகளாகவே உள்ளன. தானாக முன்வந்து வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் மேம்படுத்தலாக இருக்க வழியில்லை. தொலைபேசியில் அழைத்து, இணைய நிறுவனத்தில் இருந்து பேசுவதாகச் சொல்லி, கணினித் திரையைப் பகிருமாறு கேட்பவரிடமும் இணைப்பைத் துண்டித்துவிடுவதே சரி. உலாவிப் பக்கம் டொய்ச்சிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜியத்திலோ இருக்கும்போது பெற்றோர் தடுமாறுவது இயல்பு. பிள்ளை அருகில் இருந்து வாசித்துக் காட்டுவதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் கடவுச்சொல் பிள்ளையின் நினைவில் மட்டும் இருப்பது பிழை. கடவுச்சீட்டுகள் வைக்கும் பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு. அதில் ரவுட்டரின் மாதிரி, பதிப்பு எண், மேலாண்மைக் கடவுச்சொல், கடைசியாக மேம்படுத்திய நாள். ஒருமுறை பிள்ளை செய்ய, தாயோ தந்தையோ பக்கத்தில் இருந்து பார்க்க, அடுத்த முறை அவர்கள் செய்யப் பிள்ளை பார்த்திருக்கலாம்.

எவ்வளவு அக்கறையாகப் பராமரித்தாலும் உற்பத்தியாளர் ஒருநாள் கைவிட்டுவிடுவார். ஆதரவு முடிந்த மாதிரி என்று தளத்தில் ஒரு வரி வரும். அதன்பின் எந்த ஓட்டையும் அடைக்கப்படாது. 2018 மே மாதத்தில் வி.பி.என்.ஃபில்டர் என்ற நச்சுநிரல் குறைந்தது 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளில் பரவியிருப்பதாக அறிவிக்கப்பட்டபோது, ரவுட்டர்களை அணைத்து மீள இயக்குமாறு எஃப்.பி.ஐ. மக்களைக் கேட்டுக்கொண்டது. அணைத்தால் அதன் மேற்பகுதிகள் அழிந்தன. முதற்பகுதியோ மின்சாரம் போய் வந்தாலும் பிழைத்திருக்கும்படி எழுதப்பட்டிருந்தது. தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்துப் புதிய நிலைபொருளை ஏற்றுவதே தீர்வாயிற்று. புதிய நிலைபொருளே இல்லாத பெட்டிக்கு அந்தத் தீர்வும் இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தின் அனுமதியோடு எஃப்.பி.ஐ. நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் இருந்து நச்சுநிரலை அகற்றியது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆதரவு முடிந்த சிஸ்கோ, நெற்கியர் பெட்டிகளே.

ஆகவே வாங்கும்போதே எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு என்று கேட்பது பொருத்தம். பிரித்தானியாவில் 2024 ஏப்பிரல் 29 முதல், பாதுகாப்பு மேம்படுத்தல்கள் குறைந்தது எதுவரை வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்பது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல்லை இட்டு விற்பதும் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முதன்மைக் கடப்பாடுகள் 2027 டிசம்பர் 11 முதல் செல்லுபடியாகும். கடைக்காரர் வேகத்தையும் அலைக்கம்பங்களின் எண்ணிக்கையையும்தான் புகழ்வார். ஆதரவு ஆண்டுகளை வாங்குபவரே கேட்க வேண்டியிருக்கின்றது.

கைவிடப்பட்ட பெட்டிக்கு இன்னொரு வழியும் இளையோருக்குத் திறந்திருக்கின்றது. மேலே சொன்ன அதே டபிள்யூ.ஆர்.டி.54ஜி லினக்ஸைக் கொண்டு இயங்குவதை 2003 இல் நிரலாளர்கள் கண்டறிந்து, உரிமத்தின்படி மூலநிரலை வெளியிடுமாறு வற்புறுத்தினர். வெளியிடப்பட்ட அந்த நிரலில் இருந்து 2004 இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற கட்டற்ற நிலைபொருள் திட்டம் பிறந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட எத்தனையோ மாதிரிகளுக்கு அது இன்றும் உயிர் கொடுத்து வருகின்றது. திட்டத்தின் கருவிப் பட்டியலில் மாதிரியும் பதிப்பும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்ட பழம்பெட்டிகளுக்கு அதன் இன்றைய பதிப்புகள் பொருந்தா. கணினித்துறையில் ஆர்வமுள்ள ஒரு மாணவி, வீட்டார் அன்றாடம் பயன்படுத்தாத பழைய பெட்டி ஒன்றில் இதைப் பரீட்சித்துப் பார்த்தால், வலையமைப்பைப் பற்றிப் பாடநூலில் கிடைக்காத பலவற்றைக் கற்றுக்கொள்வாள்.

ஊருக்குப் போகும்போது பழைய ரவுட்டரைப் பயணப்பெட்டியில் வைத்து உறவினருக்குக் கொண்டுசெல்வோரும், தமிழ்ப் பாடசாலைக்கோ சங்க மண்டபத்திற்கோ அன்பளிப்பாக வழங்குவோரும் உளர். ஆதரவு முடிந்த பெட்டியைக் கொடுப்பது, ஓட்டையையும் சேர்த்துக் கொடுப்பதாகும். ஆதரவு இருக்கும் பெட்டியாயின் தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்து, புதிய நிலைபொருளை ஏற்றிக் கொடுக்கலாம். இல்லாததை, நகராட்சியின் மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பும், பின்புறத்துச் சிறு துளைக்குள் குண்டூசியை நுழைத்துச் சில நொடிகள் அழுத்தி மீளமைத்துவிடுவது அவசியம். வீட்டின் வைஃபை கடவுச்சொல்லும் இணைய நிறுவனத்தின் பயனர் பெயரும் அதனுள்ளே எழுதப்பட்டபடியே இருக்கும்.